ஜாமீன் கொடுக்க ஆள் இல்லாதவரின் நோய்

2018 மே மாதம். பிள்ளை பிடிக்க வடநாட்டுக் கும்பல் இறங்கியிருக்கிறது என்ற வாட்ஸ்அப் வதந்தி வட மாவட்டங்களில் வீடுவீடாகச் சுற்றிக்கொண்டிருந்த நேரம். திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டில், தனியாகத் திரிந்துகொண்டிருந்த ஒருவரை ஊரார் சிலர் சூழ்ந்துகொண்டார்கள். அடித்தே கொன்றார்கள். உடலை அங்கிருந்த பாலத்தில் தொங்கவிட்டார்கள். மனநலம் பாதித்து ஊர் ஊராக அலைந்தவர் அவர் என்று அப்போது செய்திகள் சொல்லின.

அதே மே மாதம் 29-ஆம் தேதி, மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 நடைமுறைக்கு வந்தது. மனநோயோடு தெருவில் அலைபவரைக் கண்டால் போலீஸ் என்ன செய்ய வேண்டும் என்பதை அதன் 100-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அவரைப் பாதுகாப்பில் எடுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல்போனவர் வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். பழவேற்காட்டில் கொல்லப்பட்டவருக்கு அந்தச் சட்டம் சில வாரங்கள் பிந்திவிட்டது.

இந்தக் கட்டுரையின் கவலை அடுத்த படியைப் பற்றியது. அலைந்தவர் அலைந்ததோடு நிற்காமல் ஒரு கல்லை எடுத்து எறிந்துவிட்டால்? பெட்டிக்கடையில் கைவைத்துவிட்டால்? தடுக்க வந்த காவலரைத் தள்ளிவிட்டால்? அந்த நிமிடத்தில் அவர் நோயாளி என்ற கணக்கிலிருந்து விலகி அக்யூஸ்ட் ஆகிவிடுகிறார். எஃப்.ஐ.ஆர்., ரிமாண்ட், புழல் சிறை என்று அவருடைய பாதை வேறு பக்கம் திரும்பிவிடுகிறது.

ஒரு காட்சியை நினைத்துப் பார்க்கலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் மில் ஒன்றில் ஒடிசா இளைஞர் ஒருவர் வேலை செய்கிறார். தகரக் கூரை போட்ட லைன் வீட்டில் பத்துப் பேரோடு படுக்கை. நைட் ஷிஃப்டும் பகல் ஷிஃப்டும் மாறி மாறி வரும். ஒரு வாரமாக அவருக்குத் தூக்கமே இல்லை. காதில் யாரோ பேசுகிறார்கள் என்கிறார். அறையில் இருப்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு பயப்படுகிறார்கள். மேஸ்திரிக்குச் சொன்னால், ஊருக்கு அனுப்பிவிடலாம், சம்பளத் தேதி வரட்டும் என்கிறார். அதற்குள் ஒருநாள் காலை அந்த இளைஞர் ஜி.என்.டி. ரோட்டில் நின்று அரசுப் பேருந்தின் கண்ணாடியை உடைத்துவிடுகிறார்.

பேருந்துக் கண்ணாடி என்றால் தமிழ்நாட்டில் பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் பாயும். ரிமாண்டுக்கு முன் அரசு மருத்துவமனையில் உடம்பில் காயம் உண்டா என்று பார்ப்பார்கள். மனசைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் ஒடியா தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படும் அந்தச் சில நிமிடங்களில் அவர் பேசாமல் நின்றால் அமைதியான கைதி. பேசினால் குடிபோதையில் உளறுகிறவர். பதினைந்து நாள் கழித்து அடுத்த வாய்தா.

இது கற்பனை. ஆனால் இதில் வரும் ஒவ்வொரு படியும் பொன்னேரியிலோ திருவள்ளூரிலோ நீதிமன்ற வளாகத்தில் ஒரு வாரம் நின்று பார்த்தவர்களுக்குப் பழகிய படிதான்.

தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சை என்ற யோசனைக்கு ஒரு நீதிமன்றமே பிறந்த கதை அமெரிக்காவில் நடந்தது. ஃபுளோரிடா மாநிலத்தின் பிரவார்ட் கவுண்டியில் 1997 ஜூன் மாதம் நாட்டின் முதல் மனநல நீதிமன்றம் தொடங்கப்பட்டது. நீதிபதி ஜிஞ்சர் லெர்னர் ரென். அதற்குத் தனிக் கட்டடம் கிடையாது. அவருடைய வழக்கமான வேலைக்கு நடுவே, மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் அந்த நீதிமன்றம் கூடியது. சிறு குற்றங்களில் பிடிபட்ட மனநோயாளிகள் சிறை அறையில் வாரக்கணக்கில் கிடந்து மோசமாவதைத் தடுப்பதுதான் நோக்கம். சம்மதித்தவரைச் சிகிச்சைக்கு அனுப்பி, அவ்வப்போது வரவழைத்து, மருந்து சாப்பிடுகிறாரா, தங்க இடம் இருக்கிறதா என்று நீதிபதியே கேட்டார். அங்கிருந்து நூற்றுக்கணக்கான மனநல நீதிமன்றங்கள் அந்த நாட்டில் கிளைத்தன. பக்கத்து மயாமியில் நீதிபதி ஸ்டீவன் லீஃப்மன் 2000-இல் தொடங்கிய திட்டம் இன்னும் ஒரு படி முன்னே போய், போலீஸுக்கே 40 மணி நேரப் பயிற்சி கொடுத்தது. கைதுகள் பெருமளவு குறைந்து, ஒரு சிறையையே மூடும் நிலை அங்கே வந்தது.

அமெரிக்கா தூரம், பணக்கார நாடு என்று தோன்றினால் சிங்கப்பூரைப் பார்க்கலாம். தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் நாடு. சட்டத்தில் கண்டிப்புக்குப் பேர்போன நாடு. பிரம்படி உள்ள ஊர் அது. அங்கேயே 2011 முதல் கட்டாயச் சிகிச்சை ஆணை என்ற தண்டனை முறை இருக்கிறது. மூன்று கேள்விகளுக்கு மனநல மருத்துவர் ஆம் என்று அறிக்கை தர வேண்டும். குற்றவாளிக்கு இருப்பது சிகிச்சையில் தேறக்கூடிய நோயா? அவர் சிகிச்சைக்கு ஏற்றவரா? அந்தக் குற்றம் நடக்க நோயும் ஒரு காரணமா? ஆம் என்றால் சிறைக்குப் பதில் மருத்துவமனைக்கு வந்துபோகும் ஆணை. முதலில் 24 மாதம் வரை என்றிருந்ததை 2018-இல் 36 மாதமாக்கினார்கள். ஒழுங்காக முடித்துவிட்டால் குற்றப் பதிவும் அவர் தலையில் நிற்பதில்லை. கறார் நாட்டின் இந்த ஏற்பாட்டை மென்மை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

மூன்றாவது கேள்வியைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். நோயும் ஒரு காரணமா என்றுதான் அது கேட்கிறது. இந்தியச் சட்டத்தின் கேள்வி வேறு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு, செய்த காரியத்தின் தன்மையோ அது தவறு என்பதோ தெரியாத அளவுக்குச் சித்தம் கலங்கியிருந்தாரா என்று கேட்கிறது. 1843-இல் இங்கிலாந்தில் மெக்நாட்டன் வழக்கை ஒட்டி வகுத்த அளவுகோல் இது. முழுக்கக் கலங்கியிருந்தால் விடுதலை. இல்லையென்றால் முழுக் குற்றவாளி. கண்ணாடி உடைத்த இளைஞருக்கு அது பேருந்து என்று தெரியும், உடைப்பது தப்பு என்றும் தெரியும். காதில் கேட்ட குரலுக்குத்தான் அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. அவரைப் போன்றவர்களுக்கு இந்த அளவுகோலில் இடமே இல்லை. நடுவில் நிற்பவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

எவ்வளவு அதிகம் என்பதற்குப் பெங்களூரு மத்திய சிறையில் நிமான்ஸ் மனநல நிறுவனம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு கணக்குத் தருகிறது. 5,024 கைதிகளைப் பார்த்தார்கள். போதைப்பழக்கத்தையும் சேர்த்தால் ஐந்தில் நால்வருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல். போதையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் நான்கில் ஒருவருக்கு மேல். நாட்டின் கைதிகளில் முக்கால்வாசிப் பேர் இன்னும் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் இந்த எண்ணின் கனம் தெரியும்.

இந்தியச் சட்டத்தில் மனநல நீதிமன்றம் என்ற பெயரில் ஓர் அமைப்பு இல்லை. ஆனால் சிகிச்சைக்கான கதவுகள் சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாகக் குற்றமாக இருந்த ஒன்றை நோயின் பக்கம் நகர்த்திய பிரிவு அது. போதைப்பொருள் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டத்தில் 39-ஆம் பிரிவு இருக்கிறது: சிறிய அளவில் பிடிபட்டுக் குற்றவாளி என்று தீர்ப்பான அடிமைப் பழக்கமுள்ளவரை, அவர் சம்மதித்தால், சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு விடலாம். 64-ஏ பிரிவு இன்னும் தாராளம். தானாக முன்வந்து சிகிச்சையை முடிப்பவர்மேல் வழக்கே நடக்காது. ஆந்திர எல்லையில் எளாவூர் சோதனைச் சாவடி வழியாக வரும் கஞ்சாவைப் பற்றிய செய்தி வராத மாதம் அரிது. கடத்துகிறவருக்கும், ஷிஃப்ட் முடிந்து தூக்கத்துக்காக ஒரு பொட்டலம் வாங்கி மாட்டிக்கொள்கிறவருக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைச் சட்டம் அறிந்திருக்கிறது. இந்த இரண்டு பிரிவுகளையும் வாதத்தில் எடுத்துவைக்கும் வழக்கறிஞர்கள்தான் இன்னும் நிறைய வேண்டும்.

முக்கியமான கதவு குற்ற நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. பழைய சட்டத்தின் 330-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 369. சித்தம் கலங்கியதால் தன் வழக்கைத் தானே நடத்த முடியாத நிலையில் ஒருவர் இருந்தால், ஜாமீனில் விடக்கூடிய வழக்கோ இல்லையோ, நீதிமன்றம் அவரை ஜாமீனில் விட வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. 2009 திருத்தம் கொண்டுவந்த பெரிய மாற்றம் இது. இரண்டு நிபந்தனைகள்தான். உள்நோயாளியாக வைத்தே தீர வேண்டிய நோயாக இருக்கக் கூடாது. இரண்டாவதாக, ஒரு நண்பரோ உறவினரோ வந்து, பக்கத்து மருத்துவமனையில் தொடர்ந்து காட்டுகிறேன், இவரால் யாருக்கும் தீங்கு வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

நண்பரோ உறவினரோ. கும்மிடிப்பூண்டியில் இந்தச் சட்டம் இடறி விழும் இடம் இந்த இரண்டு சொற்கள்தான்.

சாதாரண வழக்கிலேயே ஜாமீனுக்கு இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவர் இரத்த சம்பந்தமுள்ளவராக இருக்க வேண்டும் என்று உத்தரவு போடுவது நம் நீதிமன்றங்களில் வழக்கம். பிளட் ஷூரிட்டி என்பார்கள். ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, வி.ஏ.ஓ. சான்று என்று கையில் பிளாஸ்டிக் கவரோடு நிற்கும் அண்ணன் தம்பிகளை எந்தக் கோர்ட் வாசலிலும் பார்க்கலாம். பெத்திக்குப்பத்திலோ கவரைப்பேட்டையிலோ வளர்ந்த பையனுக்கு ஒரு மாமா கிடைப்பார். பீகாரிலோ அசாமிலோ இருந்து வந்தவருக்கு யார்? அம்மா ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பார். தகவல் போய்ச் சேர்ந்தாலும் டிக்கெட் எடுத்து வந்து, மொழி தெரியாத ஊரில் வக்கீல் பிடித்து, மாதாமாதம் மருத்துவமனைக்கு அழைத்துப் போக அவரால் ஆகாது. அறையில் கூட இருந்தவர்களோ போலீஸ் என்றதும் வேறு கம்பெனிக்கு மாறியிருப்பார்கள். கையெழுத்துப் போட ஆள் இல்லாததால் மட்டுமே நோயாளி உள்ளே இருக்கிறார். அவரைவிடக் கடுமையாக நோயுற்ற, ஆனால் அண்ணன் உள்ள இன்னொருவர் வெளியே வந்துவிடுகிறார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் இருக்கிறது. போரும் இடப்பெயர்வும் கண்ட குடும்பங்கள். சொத்து ஆவணம் கேட்கும் ஜாமீன் முறை அவர்களுக்கும் எளிதானதில்லை.

தேடி வந்து கேட்க ஆள் இல்லாமல் ஒரு மனிதரின் வாழ்க்கையே போய்விடக்கூடும் என்பதற்கு இந்த நாட்டில் சாட்சி இருக்கிறது. அசாமைச் சேர்ந்த மச்சல் லலுங் 1951-இல், 23 வயதில், ஒருவரைக் காயப்படுத்தியதாகக் கைதானார். தேஸ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967-இல் அவர் தேறிவிட்டார் என்று மருத்துவமனையே சொல்லியும் வழக்கும் நடக்கவில்லை, விடுதலையும் வரவில்லை. 2005-இல் அவர் வெளியே வந்தபோது வயது 77. உள்ளே கழிந்தது 54 ஆண்டு. நீதிமன்றம் அவரிடம் வாங்கிய சொந்த ஜாமீன் தொகை ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாயை 1951-இலேயே வாங்கியிருக்கலாம். அசாம் அரசு 3 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று பிறகு உச்ச நீதிமன்றம் சொன்னது. 2007-இல் அவர் இறந்துபோனார்.

சிகிச்சை என்ற பெயரில் எதைச் செய்தாலும் சரி என்று சொல்லிவிட முடியாது என்பதற்கும் லலுங்கே சாட்சி. அவர் கிடந்த இடங்களில் ஒன்று மருத்துவமனைதான். தமிழ்நாட்டுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியதைப் பார்த்த மாநிலம் இது. எனவே தண்டனைக்குப் பதில் சிகிச்சை என்று வாதிடுகிறவர்கள் இரண்டு எல்லைகளை விட்டுக்கொடுக்கக் கூடாது. சம்பந்தப்பட்டவருக்குப் புரியும் மொழியில் சொல்லி, அவர் சம்மதம் பெற வேண்டும். குற்றத்துக்குச் சட்டம் விதிக்கும் உச்சபட்சத் தண்டனைக் காலத்தைத் தாண்டி, வழக்கின் பெயரால் சிகிச்சையை இழுக்கக் கூடாது.

எதிர்க்கேள்வி ஒன்று நியாயமாக எழும். பாதிக்கப்பட்டவரின் கதி என்ன? கண்ணாடி உடைந்த பேருந்தில் ஒரு பெண்ணின் நெற்றி கிழிந்திருக்கலாம். கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற குற்றங்களை யாரும் இந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லவில்லை. சிறு குற்றங்களில்கூடப் பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மருந்து இல்லாமல் ஆறு மாதம் சிறையில் கிடந்து, இன்னும் கலங்கிய மனதோடு வெளியே வருகிறவர் அதே சாலையில்தான் வந்து நிற்பார். சிகிச்சை பெற்று வருகிறவரால் அந்தப் பேருந்தில் போகும் அத்தனை பேருக்கும் ஆபத்து குறைகிறது. நெற்றி கிழிந்த பெண்ணுக்கு இழப்பீடு தருவது அரசின் பொறுப்பாக இருக்கட்டும். நோயாளியைச் சிறையில் வைப்பதால் அந்தப் பெண்ணுக்கு ஒரு ரூபாயும் கிடைக்கப்போவதில்லை.

ஆள் பலம் இல்லை என்பது வழக்கமாக வரும் இன்னொரு பதில். உண்மையில் திருவள்ளூர் மாவட்டம் வெறுங்கையோடு நிற்கவில்லை. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்துவைத்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று திருவள்ளூரில் இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். மின்சார ரயில் ஏறி வந்துவிடலாம். இலவச சட்ட உதவிக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அதற்குத் தன்னார்வச் சட்டப் பணியாளர்கள் இருக்கிறார்கள். ஜாமீன் தொகை கட்ட வழியில்லாத ஏழை விசாரணைக் கைதிக்குப் பண உதவி தரும் மத்திய அரசுத் திட்டம் 2023-இல் வந்தது. இவர்கள் எல்லாரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் உட்காருவதில்லை. குறை அதில்தான்.

பொன்னேரி நீதிமன்றத்தில் வாரத்தில் ஒரு பிற்பகலை இதற்கென்று ஒதுக்கலாம். பிரவார்டில் சாப்பாட்டு வேளையில் நடந்தது இங்கே இரண்டு மணிக்கு மேல் நடக்காதா? மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் இல்லாவிட்டாலும் ஒரு மனநல சமூகப் பணியாளர் அன்று அங்கே இருக்க வேண்டும். இந்தி, ஒடியா, வங்காளி தெரிந்த மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும். சிப்காட் கம்பெனிகளில் இந்த மொழிகளும் தமிழும் தெரிந்த சூப்பர்வைசர்கள் எத்தனையோ பேர், அவர்களுக்குப் படி கொடுத்து அழைக்கலாம். ரிமாண்டுக்கு முன் மருத்துவர் எழுதும் சான்றில் காயத்துக்கு அடுத்த வரியாகத் தூக்கம், பேச்சு, முன்பு சாப்பிட்ட மருந்து பற்றி இரண்டு கேள்விகள் சேர வேண்டும். தூங்கினாயா என்ற ஒரு கேள்வியே பல வழக்குகளின் திசையை மாற்றிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நண்பர் என்ற சொல். உறவு யாரும் இல்லாதவருக்காகச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலரோ, சமூகப் பணியாளரோ, பதிவு பெற்ற தொண்டு அமைப்போ முன்வந்து எழுதிக் கொடுத்தால் அதை 369-ஆம் பிரிவின்படி நண்பரின் உறுதிமொழியாக ஏற்றுக்கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் கீழமை நீதிமன்றங்களுக்கு வழிகாட்ட வேண்டும். நண்பர் என்றால் கூடப் படித்தவர், கூட வேலை பார்த்தவர் மட்டும்தான் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. தெருவில் கைவிடப்பட்ட மனநோயாளிகளுக்காக 1993 முதல் இயங்கும் பான்யன் போன்ற அமைப்புகள் சென்னையிலேயே இருக்கின்றன. யாருமற்றவருக்கு உறவாக நிற்பதை முப்பது ஆண்டுகளாகச் செய்துவருகிறவர்கள் அவர்கள்.

கம்பெனிகளுக்கும் இதில் கடமை உண்டு. ஆள் வேண்டும்போது புவனேஸ்வரத்திலிருந்தும் பாட்னாவிலிருந்தும் ரயில் ஏற்றி அழைத்து வருகிற ஒப்பந்தக்காரர், அந்த ஆள் நோயில் விழுந்ததும் பெயரையே மறந்துவிடுவது அநியாயம். வேலைக்குச் சேர்த்தபோது வாங்கிய ஆதார் நகல் அவரிடம்தான் இருக்கிறது. ஊரிலுள்ள அம்மாவின் போன் நம்பரும் அவரிடம்தான் இருக்கும். அந்த நம்பரை முதல் நாளே போலீஸிடம் கொடுத்தால்கூடப் போதும்.

சிப்காட் பக்கம் வேலை பார்க்கிறவர்கள், லைன் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள், டீக்கடை நடத்துகிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். ஒரு பையன் நாலு நாளாகத் தூங்கவில்லை, தனக்குத்தானே பேசுகிறான் என்று தெரிந்தால், கல் எறியும்வரை காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவியின் எண் 14416. எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம், இந்தியிலும் பேசலாம், காசு கிடையாது. கூட இருக்கும் யார் வேண்டுமானாலும் அவருக்காகக் கூப்பிடலாம்.